வாங்கிய வாகனம் யாருக்குச் சொந்தம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை நாட்டுப்புறத்து அரபி ஒருவரிடம் குதிரை ஒன்றை விலைபேசி வாங்கினார்கள். விலைப்பணத்தைத் தருவதற்காக அவரைத் தம்முடன் வருமாறு அழைத்துவிட்டு முன்னே விரைந்து நடந்தார்கள். அவரோ குதிரையுடன் பின்னால் மெல்ல நடந்து வந்தார். அந்தக் குதிரை ஏற்கெனவே விலையாகிவிட்டது என்பதை அறியாத சிலர் வழியில் அவரை மறித்து விலை கேட்கத் தொடங்கினர். கேட்பார் கூடியதும் அந்த அரபியின் மனம் மாறிற்று. நாயகம் அவர்களைக் கூவியழைத்து, வாங்குவதாயிருந்தால் இப்பொழுதே வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் பிறருக்கு விற்றுவிடுவேன் என்றார். உம்மிடம் நான் வாங்கிவிட்டேன் அன்றோ என்று பெருமானார் வினவ, அல்லாஹ்வின் மீது ஆணையாக நான் விற்கவேயில்லை என்று அவர் சாதித்தார். அதோடு நில்லாமல், விற்றதற்குச் சாட்சி இருந்தால் கொண்டு வாருங்கள் என்றும் கேட்டார்.

அவ்விடத்தில் இருந்த குஸைமா இப்னு தாபித் (ரலி) அவர்கள், விற்றதற்கு நான் சாட்சி என்று முன்வந்தார்கள். பேரம் நடந்தபோது அவர்கள் அங்கு இருக்கவில்லை. எதைக் கொண்டு சாட்சி சொல்கிறீர் என்று பெருமானார் கேட்டபோது, தங்களை உண்மையாளர் என்று நம்பியிருப்பதைக் கொண்டே சொல்கிறேன் என்று விடையளித்தார்கள். அதன் பின் குஸைமா (ரலி) அவர்களின் சாட்சியத்தை இருவர் சாட்சியத்துக்கு நிகராக நாயகம் அவர்கள் ஆக்கினார்கள். இந்நிகழ்ச்சியை அபூதாவூதும் நஸாயீயும் பதிவு செய்திருக்கின்றனர்.

குஸைமா (ரலி) அவர்களின் சிறப்பை எடுத்துரைப்பதற்காகவே இந்த ஹதீஸை மிம்பர்களில் சொல்வது வழக்கம். நான் வேறொரு காரணத்தை முன்னிட்டு இதனை இங்கு நினைவுகூர்கிறேன். ஏறிச் செல்லும் வாகனம் ஒன்றை முன்பின் அறியாத தனி மனிதரிடம் வாங்கிய இடத்தில், அல்லாஹ்வின் தூதருக்கே உரிமை வழக்கு ஒன்று வந்து சேர்ந்தது. அந்நாளில் குதிரை, இந்நாளில் கார். குஸைமாவைப் போன்ற சாட்சி நம்மில் எவருக்கும் கிடைக்கப்போவதில்லை.

சில மாதங்களுக்கு முன், ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் காலியான நேரத்தில், ஒரு சகோதரர் என்னை நாடி வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், ஜவுளி வியாபாரம் செய்பவர். கையில் காகிதங்கள் அடங்கிய ஓர் உறை. ஸலாம் கூறி அமர்ந்தவர், எடுத்த எடுப்பில், "ஹஜ்ரத், நான் வாங்கிய கார் எனக்கு ஹலாலா, இல்லையா? அதில் ஏறி ஜும்ஆவுக்கு வரவே மனம் கூசுகிறது" என்றார்.

நடந்தது இதுதான். கடற்கரைப் பட்டினம் ஒன்றைச் சேர்ந்த ஒருவரிடம், தரகர் எவரும் இல்லாமல், பழைய கார் ஒன்றை 2,40,000 ரூபாய்க்கு அவர் வாங்கியிருக்கிறார். பணம் முழுவதையும் கொடுத்தாயிற்று. பதிவுச் சான்றாகிய ஆர்.ஸி. புத்தகம் விற்றவரின் தந்தை பெயரில் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது, "வாப்பா மவுத்தாகி ஆறு மாதம் ஆகிறது. நான் ஒரே மகன். வண்டியை விற்கலாம் என்று வாப்பாவே முன்பு படிவங்களில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள்" என்று சொல்லி, 29-ஆம் எண், 30-ஆம் எண் படிவங்களை விற்றவர் எடுத்துக் கொடுத்தாராம். தேதி எழுத வேண்டிய இடங்கள் வெறுமையாக இருந்தன. நம்மவரும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நான்கு சக்கரங்களுக்கும் புது டயர், ஒரு புது பேட்டரி என்று 22,000 ரூபாய் செலவிட்டு, மூன்று மாதம் ஓட்டியும்விட்டார்.

பிறகுதான் பெயர் மாற்றத்துக்காகக் கணினி மையம் ஒன்றுக்குச் சென்றார். விண்ணப்பத்தைப் பதிவு செய்கையில், வண்டியின் பதிவோடு இணைந்திருந்த தொலைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. எனப்படும் இரகசிய எண் போயிற்று. அந்தத் தொலைபேசி மறைந்துபோனவருடையது. அவருடைய மனைவி அதை அணைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். வந்த செய்தியை உம்மாவுக்குப் படித்துக் காட்டிய இளைய மகள் திடுக்கிட்டாள். கார் பழுது பார்க்கும் இடத்தில் நிற்கிறது என்றுதான் அதுவரை அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. விற்றவர் ஒரே மகன் என்பது பொய்யன்று. மகன் ஒருவர்தான், பிள்ளைகள் மூவர்.

மறுநாளே அந்தச் சகோதரி நம்மவரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். காசு பணம் கேட்டு அவர் பேசவில்லை. "வாப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு கல்லூரிக்கும் அழைத்துச் சென்ற வண்டி அது. காக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வாங்கியிருப்பேன்" என்று அழுதாராம். விற்றவரோ, அது எங்கள் வீட்டு விவகாரம், நீங்கள் பாட்டுக்கு ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இது அந்த ஒரு வீட்டு விவகாரம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் சமுதாயத்தில் ஒருவர் காலமானால் வீடு, தோட்டம், கடை ஆகியவற்றுக்குப் பத்திரம் இருப்பதால் அவற்றைப் பற்றிப் பேச்சு எழுகிறது, பாகப்பிரிவினை நடக்கிறது. நகைகளைப் பெண்மக்கள் பிரித்துக்கொள்கின்றனர். வாகனத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. சுவரில் ஆணியில் தொங்கும் சாவியை மகன் எடுத்துக்கொள்கிறான். எடுத்தவனுக்குச் சொந்தம் என்று வீடே ஒப்புக்கொண்டதைப் போல் ஆகிவிடுகிறது. பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச்சென்றவற்றில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, அது குறைவாயினும் சரி, அதிகமாயினும் சரி என்று திருமறையின் நான்காம் அத்தியாயத்து ஏழாம் வசனம் தெளிவுபடுத்துகிறது. குறைவாயினும் என்ற அந்தச் சொல்லுக்குள் பழைய காரும் அடங்கும், சைக்கிளும் அடங்கும்.

ஒருவரின் இறுதி மூச்சோடு அவருடைய பொருள் அவரை விட்டு நீங்குகிறது. அடக்கச் செலவு, அவர் பட்ட கடன், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. பிரித்துக் கொடுத்த பிறகுதான் உரிமை பிறக்கிறது என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உரிமை முன்பே பிறந்துவிட்டது. பிரிப்பது அதை அடையாளம் காட்டுவதற்காகத்தான். அந்த வீட்டில் மறைந்தவருக்கு மனைவியும் ஒரு மகனும் இரு மகள்களும் இருந்தனர். பெற்றோர் முன்னரே காலமாகியிருந்தனர். கடன் ஏதும் மீதமில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. காரை 32 கூறுகளாக வைத்துக்கொண்டால் தாய்க்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்குத் தலா 7. விலைப்பணத்தில் சொன்னால் தாய்க்கு 30,000, மகனுக்கு 1,05,000, மகள் ஒவ்வொருவருக்கும் 52,500 ரூபாய். கணக்கைத் தாளில் எழுதி அந்தச் சகோதரரிடம் காட்டினேன். முழுக் காரையும் விற்றவருக்கு அதில் சரிபாதி கூடச் சொந்தமில்லை.

அப்படியானால் தந்தை போட்டுவைத்த கையெழுத்துக்கு மதிப்பில்லையா என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. விற்பதற்காக ஒருவரிடம் பொறுப்பைக் கொடுப்பதைச் சட்டக்கலை நூல்கள் வகாலத் என்று அழைக்கின்றன. பொறுப்பேற்பவர் வகீல். நீதிமன்றத்தில் வாதாடுபவரை நாம் வக்கீல் என்கிறோமே, அதே சொல்தான் இது. பொறுப்புக் கொடுத்தவர் இறந்த கணத்திலேயே வகாலத் முறிந்துவிடுகிறது. இதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. கையெழுத்திட்ட காலத்தில் அந்தக் கார் அவருடையது. விற்ற காலத்தில் அது வேறு நால்வருடையது. அந்த மைக்கு அப்போது சொல்ல ஏதுமில்லை.

நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் வேறாகச் சொல்லவில்லை. 29, 30-ஆம் படிவங்கள் உயிரோடிருப்பவர் தம் வாகனத்தை மாற்றிக் கொடுப்பதற்கு உரியவை. உரிமையாளர் இறந்துவிட்டால் வாகனத்தை வைத்திருக்கும் வாரிசு 30 நாள்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்கு அந்தச் செய்தியைத் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவித்தால் மூன்று மாதம் வரை அதை ஓட்டலாம். அதற்குள் 31-ஆம் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் அங்கே கேட்கப்படும். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின்படி நம் வாரிசுரிமை மார்க்க முறைப்படியே அமைவதால், அந்தச் சம்மதம் வெறும் அலுவலகச் சடங்கு அன்று. இறந்தவரின் பழைய கையெழுத்தில் இன்றைய தேதியை நிரப்பி நீட்டுவது பொய்ச் சாட்சியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர் தேதியை நிரப்பவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்த மட்டில் தப்பினார்.

இனி, தமக்குரிய பங்கோடு பிறர் பங்கையும் சேர்த்து ஒருவர் விற்றால் அந்த விற்பனை என்ன ஆகிறது? உரிமையோ பொறுப்போ இல்லாமல் பிறர் பொருளை விற்பவனை நூலோர் ஃபுளூலி என்று குறிப்பிடுவர். நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா என்னும் ஹனஃபி நூலில், 1197-ஆம் ஆண்டு மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் இதற்கென்று தனிப் பகுதியே வகுத்திருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் அத்தகைய விற்பனை செல்லாமற் போய்விடுவதில்லை, தொங்கலில் நிற்கிறது. உரியவர் சம்மதித்தால் உயிர் பெறும், மறுத்தால் வீழும். ஷாஃபிஈ மத்ஹபின் உறுதியான சொல்லின்படி, பிறர் பங்கைப் பொறுத்தவரை அது தொடக்கத்திலேயே வீணானது. பின்னால் சம்மதித்தாலும் அந்தப் பழைய ஒப்பந்தம் எழுந்து நிற்காது; புதிதாகவே பேச வேண்டும். விற்றவரின் சொந்தப் பங்கு மட்டும் அதற்குரிய விலைக்குச் செல்லும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதைக் காணலாம்.

இரு தரப்புக்கும் ஹதீஸ் ஆதாரம் உண்டு. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கிவரப் பெருமானார் அனுப்பினார்கள். அவர்கள் அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாயகம் அவர்கள் அதை ஏற்று, அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள் என்று புகாரீயில் வந்துள்ளது. கேளாமல் விற்றதைப் பின்னர் ஏற்றுக்கொண்டது ஹனஃபிகளுக்குச் சான்று. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களோ, தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று பெருமானார் தமக்குத் தடை விதித்ததை அறிவிக்கிறார்கள். அது ஷாஃபிஈகளுக்குச் சான்று. ஹகீம் அவர்கள் பெரிய வணிகர். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை எடுத்துச் சொன்னால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற ஹதீஸும் அவர்கள் வாயிலாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

நம் விவகாரத்தில் வாங்கியவர் ஹனஃபி. விற்றவர் குடும்பம் கடற்கரை வழக்கப்படி ஷாஃபிஈ. எந்த மத்ஹபைப் பின்பற்றுவது என்று அந்தச் சகோதரர் குழம்பினார். குழம்ப ஏதுமில்லை என்றேன். தாயும் சகோதரிகளும் மனமொப்பினால், பழைய பேச்சை விட்டுவிட்டு நால்வரும் சேர்ந்து புதிதாக ஈஜாபு கபூல் செய்துகொண்டால் இரு மத்ஹபின்படியும் கார் அவருடையது. அவர்களில் ஒருவர் மறுத்தாலும் முழுக் காரும் அவருக்குச் சேராது. அப்போது காரைத் திருப்பிக் கொடுத்து முழு விலையையும் விற்றவரிடம் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு இரு மத்ஹபிலும் உண்டு. பணத்தை எண்ணி நீட்டிவிட்டால் சகோதரியின் வாயை அடைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். விலை அவருக்குரியது என்பது போலவே, விற்பதா வேண்டாமா என்ற முடிவும் அவருக்குரியது.

அவரையும் சற்றுக் கடிந்துகொண்டேன். ஆர்.ஸி. புத்தகத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று தெரிந்த பின், உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், உம்மா இருக்கிறார்களா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஜவுளி வாங்கும்போது நூலைப் பிரித்துப் பார்க்கிறவர், வண்டி வாங்கும்போது ஆளைப் பிரித்துப் பார்க்கவில்லை. நம் முன்னோர் இதில் வெகு எச்சரிக்கையாக இருந்திருக்கின்றனர். வாங்கிய பொருளுக்கு வேறொருவர் உரிமை கொண்டாடி வந்தால் விலையைத் திருப்பித் தருவதற்கு நான் பொறுப்பு என்று மூன்றாம் மனிதர் ஒருவர் பிணை நிற்பதற்கு ளமானுத் தரக் என்று பெயர். ஜாமீன் என்று நாம் வழங்கும் சொல் இந்த ளமானோடு உடன்பிறந்தது. ஒட்டகமும் அடிமையும் கைமாறிய சந்தைகளில் இத்தகைய பிணை எவ்வளவு தேவைப்பட்டிருந்தால் நூலோர் அதற்குத் தனிப் பெயரே வைத்திருப்பார்கள்!

திருட்டு வண்டி, கடன் உள்ள வண்டி ஆகியவை பற்றியும் பலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன் பொருளையே ஒருவர் பிறரிடம் கண்டால் அவரே அதற்கு உரியவர், வாங்கியவர் தமக்கு விற்றவரைத் தொடர வேண்டியதுதான் என்று ஸமுரா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதன் அறிவிப்புத் தொடரைப் பற்றிப் பேச்சு உண்டாயினும், உரிமை இல்லாதவன் உரிமையைக் கொடுக்க முடியாது என்ற விதி எல்லா மத்ஹபிலும் நிலைபெற்றது. இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, அதன் 27-ஆம் பிரிவும் சில விலக்குகளுடன் இதையே கூறுகிறது. பைனான்ஸ் கடன் தீராத வண்டியாயின் அந்தக் குறிப்பு ஆர்.ஸி.யில் இருக்கும். கடன் கொடுத்தவரும் கையெழுத்திட்ட 35-ஆம் படிவம் இல்லாமல் அந்தக் குறிப்பு நீங்காது. அதை மறைத்து விற்பது, ஈரத் தானியத்தைக் குவியலுக்கு அடியில் மறைத்த வியாபாரியின் செயலேயாகும். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று பெருமானார் அவரைக் கண்டித்ததை அறியாத முஸ்லிம் இருக்க முடியாது.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடுவதும் நம்மவர்களிடம் பரவியிருக்கும் ஒரு நோய். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. இன்ஷூரன்ஸ் சான்றில் பெயரை மாற்றுவதற்கும் 14 நாள்தான். ஒரு காரை விற்றவர் பெயர் மாற்றாமல் விட்டுவிட, அது கைமாறிக் கைமாறிச் சென்று, 2009-இல் ஓர் உயிரைப் பலிகொண்ட விபத்தில் சிக்கியது. விற்று ஆண்டுகள் ஆகியிருந்தும், பதிவேட்டில் பெயர் உள்ள அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும், விற்று வாங்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளுமாறும் திருமறையின் மிக நீண்ட வசனமாகிய 2:282 கூறுவதை நாம் தராவீஹில் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்தச் சகோதரர் என்னை விடவில்லை. வாருங்கள் ஹஜ்ரத் என்று அதே காரில் என்னைக் கடற்கரைப் பட்டினத்துக்கு அழைத்துப் போனார். மறைந்தவரின் வீட்டில் மகன், மூத்த மகள், இளைய மகள், திரைக்கு அப்பால் தாயார் என்று எல்லோரும் இருந்தனர். மகன் கொடியவர் அல்லர். கடையில் சரக்கு இல்லாமல் தவித்த நேரத்தில் காரை விற்றிருக்கிறார். "வாப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நான்தானே செய்தேன்? அதற்கு இது ஈடாகாதா?" என்று கேட்டார். நான் ஒன்றே கேட்டேன்: கடன் என்று சொல்லிக் கொடுத்தீர்களா, மகன் என்ற முறையில் கொடுத்தீர்களா? கடனாயின் அது தந்தையின் சொத்திலிருந்து முதலில் கழிக்கப்பட வேண்டியது. அன்பளிப்பாயின் திரும்பக் கேட்க வழியில்லை. எது என்பது அவருக்கும் அவருடைய ரப்புக்கும்தான் தெரியும். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடனாகக் கொடுக்கவில்லை, ஹஜ்ரத்" என்றார்.

நீதிமன்றத்துக்குச் சென்றால் ஒருவேளை தமக்கே சாதகமாக முடியும் என்று எவரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இருக்கலாம். கூட்டு உரிமையாளர்களில் ஒருவரிடம் மற்றவர்களின் சம்மதத்தோடு பொருள் இருந்து, அவரிடம் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு அதே 1930-ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. அதை வாதாட வக்கீல்கள் இருக்கின்றனர். நான் அங்கு உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைத்தான் எடுத்துச் சொன்னேன். வாரிசுச் சொத்து ஒன்றைப் பற்றி இருவர் பெருமானாரிடம் வழக்குக் கொண்டுவந்தனர். சாட்சி எவரிடமும் இல்லை. தாமும் மனிதரே என்றும், வாதத்திறன் மிக்கவரின் பேச்சைக் கேட்டுத் தாம் தீர்ப்பளித்துவிடக்கூடும் என்றும், அவ்வாறு ஒருவருக்குத் தம் சகோதரரின் உரிமையைக் கொடுத்துவிட்டால் அவர் பெற்றது நெருப்பின் துண்டே என்றும் நாயகம் அவர்கள் எச்சரித்தார்கள். அதைக் கேட்டதும் இருவரும் அழுது, என் உரிமையும் உமக்கே என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். ஆயினும் பெருமானார் அதோடு விட்டுவிடவில்லை. பங்கிட்டுக்கொள்ளுங்கள், நேர்மையை நாடுங்கள், சீட்டுப் போட்டு எடுங்கள், பிறகு ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டினார்கள். அழுகை வந்த இடத்திலும் கணக்கைத் தீர்த்துவிடச் சொன்னதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

இளைய சகோதரி காரைத் தாமே எடுத்துக்கொள்வதில் உறுதியாக இருந்தார். கணவர் சவூதியில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டதும் சம்மதித்தார். தாயும் மூத்த சகோதரியும் 2,40,000 என்ற அதே விலைக்கு இசைந்தனர். அவருடைய பங்காகிய 52,500 போக 1,87,500 ரூபாயை அவர் நேராக நம்மவரிடம் கொடுப்பது. குறையும் 52,500-ஐ அண்ணன் கொடுப்பது. அண்ணன் கையில் எஞ்சும் பணத்திலிருந்து உம்மாவின் 30,000-ஐயும் மூத்த சகோதரியின் 52,500-ஐயும் தீர்ப்பது என்று முடிவாயிற்று. நம்மவர் ஓட்டிய மூன்று மாதத்துக்கு வாடகை உண்டா என்ற கேள்வியை மூத்த மருமகன் கிளப்பினார். ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. ஹனஃபி மத்ஹபில் பொதுவாக இல்லை. விவாதம் வளர்வதற்குள் நம்மவரே, 22,000 ரூபாய்க்குப் போட்ட டயருக்கும் பேட்டரிக்கும் 15,000 தந்தால் போதும், மீதி ஓட்டியதற்குப் போகட்டும் என்றார். ஹலாலை ஹராமாக்காத, ஹராமை ஹலாலாக்காத எந்தச் சமாதானமும் செல்லும் என்பது ஹதீஸ்.

அண்ணன் தம் பங்குக்குரிய பணத்தைக் கொடுத்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. 31-ஆம் படிவத்தில், தாமதத்துக்கு உரிய தொகையையும் கட்டி, கார் இளைய சகோதரியின் பெயருக்கு மாறிவிட்டது.

சென்ற வாரம் ஜவுளிக்காரச் சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். வேறொரு கார் பார்த்திருக்கிறாராம். "ஹஜ்ரத், ஆர்.ஸி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்த்துவிட்டேன். ஆள் உயிரோடுதான் இருக்கிறார்!" என்று உற்சாகமாகச் சொன்னார். பைனான்ஸ் பாக்கி உண்டா என்று விசாரித்தீர்களா என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அழைப்பதாகச் சொல்லி ஸலாம் கூறி வைத்துவிட்டார்.